முப்பத்தொன்பது வயதில் ஏழாம் வகுப்புக் கணக்கு

1

நான் வெளியூர்க்காரியாகி இந்த மாதத்தோடு பதினைந்து வருடம் முடிகிறது. வெளிநாடு என்று எழுதத்தான் ஆசை. ஆனால் வள்ளியூரில் பஸ் ஏறினால் எல்லையிலுள்ள களியக்காவிளையில் ஒரு டீ குடித்துவிட்டு மூன்றரை மணி நேரத்தில் மலையாள நாட்டுத் தம்பானூரில் இறங்கிவிடலாம். அதனால் ஊரில் யாரும் என்னைப் புலம்பெயர்ந்தவர்கள் பட்டியலில் சேர்ப்பதில்லை. துபாயில் இருக்கும் என் சித்தப்பா மகன் லீவுக்கு வந்தால் தெருவே கூடுகிறது. நான் போனால், “என்ன இசக்கி, அங்கன மழையா?” என்று கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். அவனுக்காவது அறையில் கூடத் தங்கியிருக்கும் நாலு பேரும் தமிழர்கள். எனக்கு நான் பெற்ற மகளே மலையாளத்தில்தான் பதில் சொல்கிறாள். யார் அதிக தூரம் போனது என்று நீங்களே சொல்லுங்கள்.

பதினைந்தாம் ஆண்டு நிறைவை ஒட்டி எனக்குக் கிடைத்த பரிசு, மகள் வர்ஷா பரணிலிருந்து எடுத்துக்கொடுத்த அவளுடைய பழைய ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகம். அவள் இப்போது ஒன்பதாவது. எனக்கு வயது முப்பத்தொன்பது. சிவில் எஞ்சினியரிங் படித்தவள். அந்தப் புத்தகம் எனக்கு எதற்கு என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலை பார்ப்பது வீடு கட்டித் தரும் கம்பெனி ஒன்றில். தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கு மேல்மாடியில் ஆபீஸ். ஒரு வீட்டுக்குக் கம்பி எத்தனை டன், சிமெண்டு எத்தனை மூட்டை, டைல் எத்தனை பெட்டி என்று முன்கூட்டியே சொல்வது என் வேலை. அதில் எனக்கு ஒரு பெயர் உண்டு. ‘இசக்கி சேச்சி போட்டால் தெற்றாது’ என்பார்கள். சேச்சி என்றால் அக்கா, தெற்று என்றால் இங்கே தப்பு. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு பதினைந்து வருடமாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நாற்காலியை மட்டும் இரண்டு தடவை மாற்றினார்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அனூப் என்று ஒரு பையன் டிரெய்னியாக வந்தான். மட்டம் பார்ப்பதிலிருந்து பில் சரிபார்ப்பது வரை அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவன் இப்போது என் மேனேஜர். காரணம், அவனிடம் எம்.பி.ஏ. இருக்கிறது, என்னிடம் இல்லை. கம்பெனியில் விதி அப்படி. மேனேஜர் என்றால் முதுகலை வேண்டும். நல்ல பையன்தான், மேனேஜர் ஆன பிறகும் ‘சேச்சி’ என்றுதான் கூப்பிடுகிறான், வேலையை மட்டும் மெயிலில் அனுப்புகிறான்.

இந்த வருடம் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் பிரிவு ஒன்றைப் புதிதாகத் தொடங்கப்போவதாக முதலாளி அறிவித்தார். அதற்கு ஒரு மேனேஜர் தேவை. விதியைக் கொஞ்சம் தளர்த்தி, முதுகலையில் சேர்ந்திருந்தாலே போதும் என்றும் சொல்லிவிட்டார். சாயங்கால எம்.பி.ஏ.வுக்கு நுழைவுத் தேர்வு எழுதி இடம் வாங்கிவிட்டால் அந்தப் பதவி எனக்கு. வாங்காவிட்டால் அனூப்புக்குக் கீழேயே காலம் தள்ளி, அவன் போனால் நான் பழக்கப்போகிற அடுத்த பையனுக்குக் கீழே வேலை பார்க்க வேண்டும். இதற்கு மேல் அடுத்த பிரிவு எப்போது தொடங்குவார்களோ, அப்போது எனக்கு என்ன வயதோ.

தேர்வுக் கையேட்டில் ‘அடிப்படைக் கணிதம், பத்தாம் வகுப்புத் தரம்’ என்று போட்டிருந்தது. வாசித்துவிட்டுச் சிரித்தேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கியவள் நான். மாதிரித் தேர்வை எடுத்தேன். இருபத்தைந்து கேள்வி, நாற்பது நிமிடம், கால்குலேட்டர் கிடையாது. ஒன்பது சரி. சிரிப்பு நின்றுபோனது. பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்தால் அதுவும் புரியவில்லை. எட்டாவதுக்கு இறங்கினேன். கடைசியில் ஏழாவதில்தான் கால் தரையில் பட்டது.

2

படிப்பதற்கு முன்னால், நான் நான்தான் என்று அரசாங்கத்திடம் நிரூபிக்க வேண்டியிருந்தது.

என் சர்டிபிகேட்டில் இருப்பது எஸ். எசக்கியம்மாள். ஆதாரில் இருப்பது இசக்கி அம்மாள் சுடலைமுத்து. நம் ஊரில் இதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இங்கே ‘ஒன் அண்ட் சேம்’ என்று ஒரு சான்றிதழ் உண்டு. இரண்டு பெயரில் இருப்பவரும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீசர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

“ஈ எசக்கியும் இசக்கியும் ஒராளாணோ?” என்று அந்த அதிகாரி இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆமா சார். ஒராள்தான். ஞான் தன்னெ.”

“தெளிவு உண்டோ?”

தெளிவு என்றால் இங்கே ஆதாரம். வந்த புதிதில் இந்தக் கேள்வியை யாராவது கேட்டால், என் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று கேட்பதாக நினைத்துக் கோபப்படுவேன். இப்போதெல்லாம் அப்படிக் கேட்டாலும் நியாயம்தான் என்று தோன்றுகிறது. தெளிவுக்காகப் பக்கத்து வீட்டு அம்மாவைச் சாட்சிக்குக் கூட்டிப்போனேன். பத்து வருடமாகச் சுவருக்கு மேல் பலாச்சுளையும் முருங்கைக்காயும் மாற்றிக்கொள்கிறவர்கள் நாங்கள். இவர் பெயர் என்ன என்று அதிகாரி கேட்டதும் அந்த அம்மா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். “வர்ஷயுடெ அம்ம” என்றார். அவருக்கு எசக்கியும் தெரியாது, இசக்கியும் தெரியாது. எனக்கும் அவர் பெயர் தெரியாது என்பது கையெழுத்துப் போட்டபோதுதான் தெரிந்தது.

மூன்றாம் தடவை போனபோது சான்றிதழ் கிடைத்தது. அதைக் கண்ணாடி போட்டு மாட்டலாம் என்றார் என் வீட்டுக்காரர் முருகேசன். சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புச் சாமான் மொத்தக் கடையில் மேற்பார்வை பார்க்கிறவர். திருநெல்வேலிக்காரர்களின் கடை என்பதால் நாள் முழுக்கத் தமிழ் பேசி வயிறு நிறைந்து வருவார். வீட்டில் பேசமாட்டார்.

3

தினமும் சாயங்காலம் ஆறரையிலிருந்து ஏழரை வரை படிப்பு. வர்ஷா எதிரில் உட்கார்ந்து போனில் நேரம் வைப்பாள். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது எதைத் தலைகீழாகப் போடுவது என்பது எனக்குச் சுத்தமாக மறந்திருந்தது. பல நாள் முதலாவதைக் கவிழ்த்தேன்.

“ரெண்டாமத்தது அம்மா. செகண்ட். எத்தர தவண பறயணும்?” என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

நான் வாய்ப்பாட்டைத் தமிழில் முணுமுணுப்பேன். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று ராகம் போட்டால்தான் எனக்கு விடை வரும். அவள் அதைக் கேட்டு, “இது பாட்டோ, கணக்கோ?” என்பாள். அவளுக்கு எட்டு வரை தமிழில் எண்ணத் தெரியும், ஒன்பதுக்கும் தொண்ணூறுக்கும் சண்டை. நான் அவளுக்குத் தமிழ் சொல்லித் தருவதாக இருந்த நேரத்தில்தான் அவள் எனக்குக் கணக்கு சொல்லித் தந்துகொண்டிருந்தாள். இது யாருக்கு லாபம் என்று அப்போது யோசிக்கவில்லை, இப்போது யோசித்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

மறந்ததெல்லாம் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. எனக்குச் சிக்கல், மறக்காத விஷயங்களில்தான்.

ஒரு கேள்வி. பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலமுள்ள அறைக்கு இரண்டடிச் சதுர டைல் எத்தனை வேண்டும்? கேட்ட வேகத்தில் முப்பத்துமூன்று என்றேன்.

“தெற்று. முப்பது.”

“முப்பது வச்சா எப்படி ஒட்டுவான்? வெட்டும்போது உடையும். மூலைக்கு மூலை துண்டு போடணும். பத்து பெர்சன்ட் வேஸ்டேஜ் உண்டுமே.”

“கேள்வியில வேஸ்டேஜ் உண்டோ? நூற்றிருபது பை நாலு. முப்பது. தீர்ந்நு.”

“இந்தா பாரு, கீழ கொடுத்திருக்கிற நாலு விடையில முப்பத்துமூணும் இருக்கு. கேள்வி போட்டவன் வீடு கட்டியிருக்கான்.”

“அது டிராப் அம்மா! உங்கள மாதிரி ஆளுகளைப் பிடிக்கான்.”

பன்னிரண்டு ஆட்கள் ஒரு சுவரை இருபது நாளில் கட்டினால் இருபத்துநான்கு ஆட்கள் எத்தனை நாளில் கட்டுவார்கள்? பத்து என்று எழுத வேண்டும். என் கை பன்னிரண்டு என்று எழுதியது. அந்தச் சுவருக்கு இருபத்துநான்கு பேரும் நிற்க இடம் இருக்கிறதா, சாரம் கட்டியாயிற்றா, நடுவில் ஹர்த்தால் வந்தால் என்ன செய்வது, ஓணத்துக்கு மலையாளிகள் போய் பொங்கலுக்குத் தமிழர்கள் போனால் எப்படி என்றெல்லாம் யோசிக்காமல் ஒருத்தி பத்து என்று எழுதுவாளானால் அவளை நான் வேலைக்கு வைக்க மாட்டேன். அப்படி எழுதத் தெரியாதவளை எம்.பி.ஏ.வுக்கு எடுக்க மாட்டார்கள்.

இந்தப் பழக்கம் எனக்கு எஞ்சினியரிங்கில் வந்ததில்லை. எங்கள் வீட்டில் அம்மா நாழியால் அரிசி அளந்து பானையில் போட்டுவிட்டு, கடைசியில் மேலே ஒரு கை அள்ளிப் போடுவாள். ஆளுக்கு இவ்வளவு என்பதெல்லாம் நாழியோடு சரி. அந்தக் கை அரிசி யாருக்கு என்று யாரும் கேட்டதில்லை, அது இல்லாமல் உலை வைத்ததும் இல்லை. வள்ளியூர்ப் பக்கம் கல்யாண வீட்டில் பந்திக்கு இலை எண்ணுகிறவனும் அப்படித்தான். நூறு பேர் என்று சொன்னால் நூற்றுப்பத்து இலை கொண்டுவருவான். கச்சிதமாக நூறு கொண்டுவந்தால் வீட்டுக்காரர் அவனை ஏற இறங்கப் பார்ப்பார்.

ஆனால் தேர்வுக்கு வேண்டியது கச்சிதம். ஒரு அட்டையில் ‘சேர்க்காதே’ என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். கேட்டதற்கு மட்டும் பதில். கேள்வியில் இல்லாத மழை, இல்லாத உடைசல், இல்லாத மனுஷர் யாரும் என் கணக்குக்குள் வரக்கூடாது. மூன்று மாதம் இதையே பழகினேன். இருபத்தைந்துக்கு ஒன்பது என்பது பதினான்காகி, பத்தொன்பதாகி, ஒருநாள் இருபத்துமூன்று ஆனது. வர்ஷா கை தட்டினாள். அந்த வாரம்தான் முருகேசன் சாப்பிட்டுக்கொண்டே சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன, இப்பல்லாம் சோறு பத்த மாட்டேங்குது?” என்று கேட்டார். மூன்று பேருக்கு மூன்று பேர் அளவுதான் போட்டேன் என்றேன் பெருமையாக.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர்வு. கம்ப்யூட்டர் அறையில் என்னைச் சுற்றி வர்ஷாவை விட ஏழெட்டு வயது மூத்த பிள்ளைகள். மேற்பார்வைக்கு வந்த பெண் என்னிடம், “பேரன்ட்ஸ் வெளியில் இரிக்கணும்” என்றாள். ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினேன். ஒன் அண்ட் சேம் சான்றிதழும் கைவசம் இருந்தது.

கணக்குப் பகுதி தண்ணீர் பட்ட பாடாக இருந்தது. எதையும் சேர்க்கவில்லை. பன்னிரண்டு பேர் செய்த வேலையை இருபத்துநான்கு பேருக்குக் கொடுத்தேன், அவர்கள் பாதி நாளில் முடித்தார்கள், யாருக்கும் காய்ச்சல் வரவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை ஆபீசுக்கு மிதந்துகொண்டுதான் போனேன். அனூப் ஒரு அவசர வேலை வைத்திருந்தான். பேயாடு என்கிற இடத்தில் ஒரு வீடு. சொந்தக்காரர் குவைத்தில் இருக்கிறார், பாலுகாய்ச்சுக்கு நாள் குறித்தாயிற்று. நம் ஊர்ப் பால்காய்ப்புதான். டைல் உடனே இறக்க வேண்டும், எண்ணிக்கை இப்போதே வேண்டும் என்றான். வழக்கமாக நான் கம்ப்யூட்டரில் எங்கள் எஸ்டிமேட் தாளைத் திறந்து அளவுகளை அடிப்பேன், மீதியை அது பார்த்துக்கொள்ளும். அன்றைக்கு, மூன்று மாதம் கால்குலேட்டர் தொடாதவள் என்ற திமிரில், நின்றபடியே மனக்கணக்காகப் போட்டேன். ஆயிரத்திருநூறு சதுர அடி. டைல் ஒன்று நாலு சதுர அடி. முந்நூறு டைல். பெட்டிக்கு நாலு. எழுபத்தைந்து பெட்டி.

“ஹோ! சேச்சி கம்ப்யூட்டர் தன்னெ” என்றான் அனூப். எழுபத்தைந்து என்று ஆர்டர் போய்விட்டது.

5

பதினைந்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை, அனூப் என் மேஜைக்கே வந்தான். மெயிலில் வராமல் நேரில் வந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

“சேச்சி, பேயாடு சைட்டில ஒரு கொழப்பம். மூணாமத்த ரூமுக்கு டைல் இல்ல. இருபத்தாறு டைல் குறவு. அதே ஷேடு இப்ப ஸ்டாக்கிலும் இல்லா.”

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. எப்படிக் குறையும் என்று நான்தான் கேட்டேன்.

“அதுதன்னெ ஞானும் சோதிச்சது. ஞான் வேற கணக்கு கூட்டி நோக்கி. ஆயிரத்திருநூறு பை நாலு, முந்நூறு. எழுபத்தஞ்சு பெட்டியும் வந்நிட்டுண்டு, பில்லில ஒப்பு உண்டு. சேச்சியுடெ கணக்கு ஒரு நாளும் தெற்றில்லல்லோ. பின்ன டைல் எவ்விடெப் போயி?” குரலைத் தாழ்த்தினான். “செல்லத்துரை எடுத்து வித்திருக்கும். உடஞ்ச துண்டைக் காட்டுன்னு சொன்னா, முற்றத்துக் குழியில இட்டு மூடின்னு பறயுந்நு. நல்ல கத. நாளைமுதல் அயாளும் அயாளுடெ ஆளுகளும் ஒரு சைட்டிலும் வேண்டான்னு பறஞ்சு. ஈ அண்ணாச்சிமாரெ எனிக்கு நல்லா தெரியும்.”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். “சேச்சியெ அல்ல கேட்டோ” என்று, என்னைச் சொல்லவில்லை என்கிற மாதிரி சிரித்தான்.

செல்லத்துரை அண்ணாச்சி டைல் மேஸ்திரி. திசையன்விளைக்காரர், ஐம்பது வயது. இருபது வருடமாக இந்த ஊரில் மற்றவர்கள் வீட்டுத் தரையில் மண்டியிட்டு முழங்கால் இரண்டும் காய்ப்புக் காய்த்த மனுஷர். ஊரில் மரியாதைக்குச் சொல்லும் அண்ணாச்சியை இங்கே சிலர் எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்பது எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். அது என்னைக் குறிக்காத வரைக்கும் நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

“அவர் என்ன சொன்னாரு?” என்று கேட்டேன்.

“வேற ஒண்ணும் பறஞ்சில்ல. எடுக்கலைன்னு ஒரு வார்த்தை. பிறகு தலை குனிஞ்சு நின்னு. குற்றம் இல்லாத ஆளு அங்ஙனெ நிற்குமோ?”

அவன் போன பிறகு எஸ்டிமேட் தாளைத் திறந்து ஆயிரத்திருநூறு என்று அடித்தேன். எண்பத்துமூன்று பெட்டி என்று வந்தது. எத்தனையோ வருடத்துக்கு முன்னால் நானே அந்தத் தாளுக்குள் எழுதி வைத்த பத்து சதவீதம். அடித்தது சரிதானா என்று இன்னொரு தடவை அடித்தேன். எண்பத்துமூன்று. டைலை யாரும் எடுக்கவில்லை. நான்தான் வாங்கவே இல்லை.

அன்றைக்கு ஆபீசில் நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மேனேஜரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம். வியாழக்கிழமை நுழைவுத் தேர்வு முடிவு. இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அதுவும் கச்சிதமாகத்தான் இருந்தது.

6

சாயங்காலம் முருகேசனிடம் சொன்னேன். அவர் நிதானமாகச் சட்டையைக் கழற்றி மாட்டினார்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பேசாம இரி. கூட்டம் முடியட்டும். மேஸ்திரிக்கு இங்கன வேலைக்கா பஞ்சம்? திங்கக்கிழமை வேற சைட்டுல நிப்பாரு.”

“திருடன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. எந்த சைட்டுல எடுப்பான்?”

“நீ சொல்லி, உனக்கும் இல்லாமப் போனா? மூணு மாசமா இந்த வீட்டுல சோறு கூட அளந்துதான தின்னோம்.”

அவர் கெட்டவர் இல்லை. நான் மேனேஜராக வேண்டும் என்று என்னை விட அதிகமாக ஆசைப்பட்டவர். எனக்குமே அந்த யோசனை பிடித்திருந்தது என்பதுதான் கேவலம்.

வர்ஷா மேஜையில் கிடந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். நான் மறுபடி மறுபடி கிறுக்கிய காகிதம். “ஆயிரத்திருநூறு பை நாலு, முந்நூறு. இது கரெக்ட் அல்லே அம்மா? எந்தினா கரயுந்நெ?”

அழுகிறேன் என்பது அவள் சொல்லித்தான் தெரிந்தது.

“கரெக்ட்தான். அதனாலதான் ஒரு மனுஷரைத் திருடன்னு சொல்லிட்டாங்க.” நடந்ததைச் சொன்னேன். அவள் காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். பிறகு தமிழில், அபூர்வமாக ஒரு மலையாள வார்த்தை கூட இல்லாமல், “நீங்க போய்ச் சொல்லணும்மா” என்றாள். குரலில் கோபம் இருந்தது, அது அனூப் மேல் இல்லை.

வியாழக்கிழமை காலை அனூப்பிடம் போய் எண்பத்துமூன்றையும் எழுபத்தைந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவன் முகம் வெளுத்தது. நல்ல பையன் என்று சொன்னேன் அல்லவா, எனக்காகத்தான் பயந்தான்.

“சேச்சி, இது எழுதிக் கொடுத்தா ஃபைலில வரும். நாளை மீட்டிங். ஞான் செல்லத்துரையெ அடுத்த வாரம் சும்மா திரிச்சு விளிக்கறேன். ஒண்ணும் எழுதண்ட.”

“சும்மா கூப்பிட்டா அவர் மன்னிக்கப்பட்ட திருடன் ஆயிடுவாரு அனூப். எடுக்கலைன்னு ஆகணும்.”

முதலாளிக்குக் கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில், ஐந்து வரி. எண்ணிக்கை பிழை என்னுடையது, பொருள் எதுவும் காணாமல் போகவில்லை, மேஸ்திரி மீது குற்றம் இல்லை, அதை அவரிடம் சொல்ல வேண்டும். பிழைக்குக் காரணம் என்ன என்று எழுதவில்லை. நுழைவுத் தேர்வுக்கு நன்றாகப் படித்துவிட்டேன் என்று எப்படி எழுதுவது?

அன்று மதியமே தேர்வு முடிவு வந்தது. கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. சாயங்கால எம்.பி.ஏ.வில் இடம் உறுதி.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முதலாளி என் கடிதத்தையும் தேர்வு முடிவையும் ஒன்றாகத்தான் வைத்திருந்தார். என் நேர்மையை ஐந்து நிமிடம் பாராட்டினார். பதவிக்கு வெளியிலிருந்து ஒருவரை எடுப்பதாக முடிவு செய்திருக்கிறார்களாம். வருகிறவருக்கு வேலை பழக்கித் தர என்னை விட்டால் ஆள் இல்லையாம்.

7

சனிக்கிழமை பேயாட்டுக்குப் போனேன். செல்லத்துரை அண்ணாச்சி வேலைக்குத் திரும்பியிருந்தார். அனூப் அவரை நேரில் போய்க் கூப்பிட்டானாம், மன்னிப்பும் கேட்டானாம்.

மூன்றாவது அறையில் அவர் மண்டியிட்டிருந்தார். ஏற்கெனவே ஒட்டியதில் ஒரு மூலையைப் பெயர்த்து எடுத்து, அந்தப் பழைய டைலையெல்லாம் கண்ணில் படுகிற இடத்துக்குக் கொண்டுவந்திருந்தார். புதிதாக வந்த, நிறம் கொஞ்சம் மங்கிய டைலை அந்த மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“இங்கன கட்டில் வரும் தாயி. ஒருத்தருக்கும் தெரியாது” என்றார். மற்றவர்கள் முன்னால் என்னை மேடம் என்பார். அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம்.

“அண்ணாச்சி, தப்பு என்னுது. வேஸ்டேஜ் போடாம விட்டுட்டேன். உங்களை எவ்வளவு கேவலப்படுத்திட்டாங்க.”

“எனக்குத் தெரியுமே.”

“என்ன தெரியும்?”

“லாரியில எழுவத்தஞ்சு பெட்டின்னு இறக்குனப்பவே தெரியும். தளத்தைப் பாத்தா எத்தன பெட்டி ஆவும்னு எனக்குத் தெரியாதா? சரி, பொறத்தால மிச்சம் வரும்னு நெனச்சேன். வரல.”

“அந்தப் பையன் திருட்டுன்னு சொன்னானே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி?”

அவர் கரண்டியை நிறுத்தினார். “எப்படித் தாயி சொல்லுதது? அவ்வளவு பெரிய ஆபீசுல, நம்ம ஊர்ப் பொம்பளப்பிள்ள ஒண்ணு உக்காந்திருக்கிய. பரிட்சை எழுதிருக்கிய, பெரிய வேலைக்குப் போவப்போறியன்னு பயலுவ பேசிக்கிட்டானுவ. அவம் முன்னால போயி, உங்க கணக்கு தப்புன்னு நாஞ் சொல்லலாமா? எனக்கு என்ன, இந்த ஊரு இல்லாட்டா வேற ஊரு.”

நான் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருக்கத் திட்டம் போட்ட அதே நேரத்தில், அவர் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் ஒரு டைலை எடுத்து வைத்து, மரச்சுத்தியால் நாலு மூலையிலும் தட்டினார்.

“பரிட்சை என்ன ஆச்சு தாயி? பாஸ்தான?”

“பாஸ்தான் அண்ணாச்சி.”

“எதுல எழுதுனிய?”

“கணக்கு” என்றேன்.

“அப்பச் சரி” என்று அடுத்த டைலுக்குக் கை நீட்டினார். எடுத்துக் கொடுத்தேன்.